'வெய்', 'வெயிட்', 'வெயிங்': எது எங்கே வரும்? எடையா, நிறையா?

குறுக்குத்துறை (கேள்வி)

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலத் தாளில் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியங்கள் இவை:

ஐ வெயிட் 42 கேஜி.
ஐ ஆம் வெயிங் 42 கேஜி.
ஹவ் மச் வெயிட் ஆர் யூ?
மை பேக் இஸ் வெரி வெயிட்.

நாலும் தப்பு என்று சொல்லிவிடலாம். ஏன் தப்பு என்பதைப் பிள்ளைகளுக்கு மறக்காத மாதிரி எப்படிச் சொல்வது? கடைக்காரர் தக்காளியை நிறுக்கும்போது மட்டும் 'இஸ் வெயிங்' சரியாகிவிடுகிறதே, அது எப்படி? அதோடு, தமிழில் இதை 'எடை' என்பதா 'நிறை' என்பதா? அறிவியல் பாடத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று, இலங்கைத் தமிழர் எழுதினால் இன்னொன்று. லாரியைச் சரக்கோடு எடை போடும் எடைமேடைச் சீட்டில் வரும் கிராஸ், டேர், நெட் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாடத்தில் அது ஒரு கேள்வியாக இருக்கிறது.

பொதிகைக்காற்று

நாலாவது வாக்கியத்தில் ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கம் அதிகம் வருகிற தப்பு அதுதான். "பை வெயிட்டா இருக்கு" என்று தமிழில் பேசிப்பேசி, 'வெயிட்' என்பது 'கனமான' என்ற பொருள் உள்ள சொல் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடுகிறது. தமிழுக்குள் வந்தபிறகு அது அப்படித்தான் ஆகிவிட்டது. 'வெயிட்டான பார்ட்டி' என்றுகூடச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது வெறும் பெயர்ச்சொல். கனமாக இருக்கிறது என்று சொல்ல 'ஹெவி' இருக்கிறது: மை பேக் இஸ் வெரி ஹெவி. 'எடை இவ்வளவு' என்பதற்கு: மை பேக் வெய்ஸ் 6 கேஜி.

'வெய்' வினை. டபிள்யூ, ஈ, ஐ, ஜி, எச். கடைசி இரண்டு எழுத்தும் ஊமை. உச்சரிப்பு, 'வழி' என்ற பொருளில் வரும் 'வே' மாதிரியேதான். "என்ன வே, சாப்ட்டாச்சா?" என்கிறோமே, அந்த வே-யைச் சொல்லி, முடிக்கும்போது நாக்கை லேசாக 'ய்' பக்கம் கொண்டுபோனால் போதும். தொடங்கும்போது பல் உதட்டில் படக்கூடாது, உதடு குவிய வேண்டும். கடைசியில் ஒரு டி சேர்த்தால் 'வெயிட்', பெயர்ச்சொல். காத்திருப்பதற்குச் சொல்லும் 'வெயிட்' இதே ஒலிதான், எழுத்து வேறு. "ப்ளீஸ் வெயிட்" என்ற பலகையில் ஜி, எச் புகுந்துவிடுவது அதனால்தான்.

வினையின் இறந்தகாலம் 'வெய்ட்'. தமிழ் எழுத்தில் 'வெயிட்'டும் இதுவும் ஒன்றுபோலத் தெரியும். வினையில் வரும் ட, 'வண்டி'யில் வருகிற மெல்லிய ஒலி. பெயர்ச்சொல்லில் வருவது 'பட்டு'வில் வருகிற அழுத்தமான ஒலி. இந்த இரண்டு தமிழ்ச் சொல்லையும் கரும்பலகையில் எழுதிச் சொல்லவைத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இனி 'வெயிங்' விவகாரம். 'வெய்' உள்ளே இரண்டு வினை இருக்கிறது. ஒன்று, நான் தராசு பிடித்துச் செய்கிற வேலை: நிறுப்பது. இன்னொன்று, பொருள் சும்மா கிடக்கும்போதே அதற்கு இருக்கிற தன்மை: இவ்வளவு எடை இருப்பது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். "தக்காளியை நிறுக்கிறார்", "தக்காளி 2 கிலோ இருக்கு". ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே சொல். வேலை என்றால் 'இஸ் வெயிங்' வரும், செயப்பாட்டு வினையும் வரும்: தி டொமேட்டோஸ் வேர் வெய்ட். தன்மை என்றால் இரண்டும் வராது. 'ஐ வெய் 42 கேஜி', அவ்வளவுதான்.

'ஐ ஆம் வெயிங் 42 கேஜி' என்றால் வெள்ளைக்காரன் காதில், எதையோ 42 கிலோ நிறுத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் விழும்.

கேள்வி கேட்கும்போது: ஹவ் மச் டு யூ வெய்? அல்லது வாட் டஸ் இட் வெய்? அல்லது வாட் இஸ் யுவர் வெயிட்? 'டஸ்' வந்துவிட்டால் பின்னால் 'வெய்ஸ்' வரக்கூடாது. 'ஹவ் மச் வெயிட் ஆர் யூ' எங்கும் கிடையாது.

உடம்பை எடை பார்ப்பது 'ஐ வெய்ட் மைசெல்ஃப்'. கூடினால் 'புட் ஆன் வெயிட்', குறைந்தால் 'லூஸ் வெயிட்'. இந்த இரண்டிலும் 'ஏ', 'தி' எதுவும் நடுவே வராது.

ஒரு ஓரத்தகவல். 'வெயிட்' வினையாகவும் வரும், ஆனால் நிறுப்பதற்கு அல்ல, கனம் ஏற்றுவதற்கு. உவரி, இடிந்தகரைப் பக்கம் வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கட்டுகிறார்களே, அது 'வெயிட்டிங் தி நெட்'. வலையைத் தராசில் போட்டால் அது 'வெயிங் தி நெட்'.

ஆலங்குளம் எடைமேடை

சீட்டு விஷயம் நான் சொல்லுதேன்.

மொதல்ல பலகை. அது 'வெய்பிரிட்ஜ்', ஒரே சொல், நடுவுல டி கிடையாது. 'வெயிட் பிரிட்ஜ்'னு பல ஊர்ல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. தமிழ்ல 'எடைமேடை'ன்னு போட்டா தப்பே வராது.

கிராஸ்னா சரக்கும் வண்டியும் சேர்ந்த மொத்த எடை. டேர்னா காலி வண்டி. நெட்னா சரக்கு மட்டும். லோடோட 16,240 கிலோ, காலியா 6,180 கிலோன்னா நெட் 10,060 கிலோ. பாடத்துக்கு இது போதும். தொழில்ல எங்க இடிக்கும்னா, ரெண்டு எடைக்கும் நடுவுல வண்டி மாறாம இருக்கணும். காலி எடை போட்டுட்டு, போற வழியில 100 லிட்டர் டீசல் அடிச்சுட்டு, பொறவு லோடு ஏத்திட்டு வந்தா, டீசல் ஏறக்குறைய 83 கிலோ. அந்த 83 கிலோவும் சரக்குக் கணக்குல ஏறிரும். வாங்குதவனுக்கு நட்டம். லோடு எடைக்கு கிளீனர் உள்ள இருந்து காலி எடைக்கு டீ குடிக்க இறங்கிட்டாலும் அதே கதைதான். தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி எல்லாம் ரெண்டு தடவையும் ஒண்ணுபோல இருக்கணும். எல்லா டயரும் மேடைக்குள்ள நிக்குதான்னு இறங்கிப் பாக்கணும். டயர் விளிம்புல ஏறி நின்னா எடை குறைச்சலாத்தான் காட்டும்.

கடைத் தராசுல 'டேர்'னு ஒரு பட்டன் இருக்குல்லா, அதுவும் இதே சொல்தான். செய்முறை இதான்: தட்டு காலியா இருக்கும்போது ஆன் பண்ணி, சைபர் வந்து நிக்கட்டும். பாத்திரத்தை வைக்கணும், 320 கிராம் காட்டுதுன்னு வைங்க. டேர் அமுக்கினா சைபர் ஆயிரும். இப்ப சரக்கைப் போட்டா சரக்கு எடை மட்டும் காட்டும். எல்லாத்தையும் எடுத்துட்டா மைனஸ் 0.320னு நிக்கும். தராசு கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம், திரும்ப டேர் அமுக்கினா சரியாயிரும். ஆனா அந்த மைனஸோட அடுத்த ஆளுக்கு நேரா தட்டுல போட்டு நிறுத்தா, கடைக்காரருக்கு 320 கிராம் போச்சு.

அல்வாக் கடையில இதைக் கவனிச்சுப் பாருங்க. அட்டைப்பெட்டி 45 கிராம்னு வச்சுக்கிடுங்க. பெட்டியோட ஒரு கிலோ காட்டினா அல்வா 955 கிராம்தான். நெட்னா பொட்டலம், பெட்டி, இலை எதுவும் சேராத எடை. பெட்டியை வச்சு டேர் அமுக்கிட்டு அல்வாவைப் போடச் சொல்லலாம், அது வாங்குதவங்க உரிமை.

அப்புறம் தராசு நாலு காலும் சமமா நிக்கணும். தராசுல மட்டம் காட்டுத குமிழி நடுவட்டத்துல இல்லன்னா அளவு சரியா வராது. மேல ஃபேன் ஓடினா கடைசி இலக்கம் ஆடிக்கிட்டே இருக்கும். தட்டு ஓரம் சுவத்துலயோ பக்கத்து டப்பாவுலயோ உரசினா குறைச்சுக் காட்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருசத்துக்கு ஒரு தடவை முத்திரை வைக்கணும், தமிழ்நாட்டுல தொழிலாளர் துறை பாக்குது. இரும்புக் கல்லுக்கும் கைத்தராசுக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா.

கல்லைச் சொன்னதும் ஞாபகம் வருது. எடைக்கல்லுக்கு இங்கிலீஷ்ல 'வெயிட்ஸ்', பன்மை. ஜிம்முல தூக்குததும் அதேதான்.

குறுக்குத்துறை

ரொம்ப நன்றி அண்ணாச்சி. டீசல் கணக்கு பாடப்புத்தகத்தில் இல்லாதது, அதையே கணக்குக் கேள்வியாகக் கொடுத்துவிடலாம். பொதிகைக்காற்றுக்கு ஒரு கேள்வி: 'ஏ பேக் வெயிங் 50 கேஜி' என்று செய்தித்தாளில் வருகிறதே? தன்மைக்கு 'வெயிங்' வராது என்றீர்களே?

பொதிகைக்காற்று

சரியாகப் பிடித்தீர்கள், அதை விட்டுவிட்டேன். அங்கே வருவது '50 கிலோ எடையுள்ள மூட்டை'யில் இருக்கும் 'உள்ள'. தமிழில் பெயரெச்சம் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் அந்த 'இங்' செய்கிறது. 'இஸ்', 'ஆம்', 'ஆர்' கூட வந்து நடந்துகொண்டிருப்பதைச் சொன்னால்தான் தப்பு. 'ஏ பேக் வெயிங் 50 கேஜி' சரி, 'தி பேக் இஸ் வெயிங் 50 கேஜி' சரியில்லை. 'ஏ 50-கிலோ பேக்' என்று சுருக்கலாம். அப்போது கிலோவுக்குப் பின்னால் 'ஸ்' போடக்கூடாது.

இன்னொன்று, உச்சரிப்பு. 'வெயிட்' தெரிந்த தைரியத்தில் உயரத்தை 'ஹெயிட்' என்று படிக்கிறார்கள். அது 'ஹைட்'. 'எயிட்', 'நெய்பர்', 'ஃப்ரெயிட்' எல்லாம் 'வெயிட்' கட்சி. உயரம் மட்டும் தனி வழி.

வாய்க்கால்பாலம்

எடையா நிறையா என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் சொல் பிறந்த கதை, ஏனென்றால் ரொம்ப அழகான ஒற்றுமை ஒன்று இருக்கிறது.

ஆங்கில 'வெய்' பழைய ஆங்கிலத்தில் 'வெகன்'. அன்றைக்கு அதன் பொருள் தூக்குவது, சுமந்து கொண்டுபோவது. நிறுப்பது என்ற பொருளும் அதிலிருந்து வந்ததுதான்: எடை தெரிய வேண்டுமானால் தூக்கித்தானே பார்க்க வேண்டும்? பழைய பொருள் ஒரே ஒரு இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் கிளம்பும்போது 'வெய் ஆங்க்கர்' என்றால் நங்கூரத்தை நிறுப்பதல்ல, தூக்குவது. 'வேகன்', 'வெஹிக்கிள்' எல்லாம் அதே வேர். வடமொழி 'வாகன'மும் அதே குடும்பம்.

தமிழுக்கு வாருங்கள். 'எடு' என்பதிலிருந்து 'எடை'. பழைய அளவை வரிசையே எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்றுதான் போகும். அதில் 'எடுத்தல்' என்பது நிறுப்பது. 'தூக்கு' என்றாலும் தூக்குவது, நிறுப்பது இரண்டும். செங்கோட்டை தாண்டிப் புனலூர்ப் பக்கம் போனால் மலையாளத்தில் எடைக்கே 'தூக்கம்' என்றுதான் பெயர். கடையில் "தூக்கம் குறைவு" என்று யாராவது சொன்னால், ராத்திரி சரியாக உறங்கவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட வேண்டாம். இந்த வழியில் பார்த்தால் தமிழனும் ஆங்கிலேயனும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்: கையில் தூக்கிப் பார்த்ததுதான் முதல் தராசு. ('தராசு' பாரசீகத்திலிருந்து வந்த சொல். நம் பழைய சொல் துலாக்கோல், நிறைகோல்.)

கோட்டை, மரக்கால், படி இவற்றை இதில் சேர்க்காதீர்கள். நெல்லைச் சீமையில் நெல்லுக்குப் புழங்கிய இவையெல்லாம் முகத்தல் அளவை, கொள்ளளவு. வீசை, பலம், மணங்குதான் நிறுத்தல் அளவை. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, வீசை என்பது இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. மெட்ரிக் எடை 1958-ல் தொடங்கிப் படிப்படியாக வந்து இவற்றைக் கடையிலிருந்து வெளியேற்றியது. பவுன் மட்டும் நகைக்கடையில் தங்கிவிட்டது, இப்போது 8 கிராம் என்று முழுதாக்கி. அந்தப் 'பவுன்' ஆங்கிலப் பவுண்டுதான், அதற்கும் மூலம் எடையைக் குறிக்கும் லத்தீன் சொல். ஜிம் தட்டில் பவுண்டை 'எல்பி' என்று சுருக்குவது அதிலிருந்தல்ல, 'லிப்ரா' என்ற இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து. அதற்குத் தராசு என்றே பொருள்.

பிள்ளைகள் தமிழில் எழுதும்போதும் ஒரு குழி உண்டு. 'நிறு' வேறு, 'நிறுத்து' வேறு. நிறு: நிறுக்கிறார், நிறுத்தார், நிறுத்து (வினையெச்சம்). நிறுத்து: நிறுத்துகிறார், நிறுத்தினார், நிறுத்தி. "லாரியை நிறுத்துப் பார்த்தார்கள்" என்றால் எடை போட்டார்கள். "லாரியை நிறுத்திப் பார்த்தார்கள்" என்றால் போலீஸ்காரர்கள்.

ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்கும்போது சொல்லுக்குச் சொல் போகாதீர்கள். ஆங்கிலேயன் வார்த்தையை 'வெய்' பண்ணுகிறான், நாம் அளந்து பேசுகிறோம், நிறுத்துப் பேசுவதில்லை. 'வெய் அப்' என்பதற்குச் சீர்தூக்கிப் பார்ப்பது. காய்த்துக் கொம்பு தாழ்ந்த மாமரம் 'வெய்ட் டவுன்'. மனதில் ஒன்று கனத்துக் கிடந்தால் 'வெய்ஸ் ஆன்'. ஒருவர் பேச்சுக்கு மதிப்பிருந்தால் 'கேரீஸ் வெயிட்', நாம் அதை "அவர் பேச்சு எடுபடும்" என்போம். பாருங்கள், அங்கேயும் 'எடு'.

மகேந்திரகிரி அடிவாரம்

அறிவியல் பக்கம் யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் நிறை என்பது பொருளுக்குள் இருக்கும் பொருண்மையின் அளவு, அலகு கிலோகிராம். எடை என்பது அதன்மேல் புவி இழுக்கும் விசை, அலகு நியூட்டன். இலங்கைப் புத்தகத்தில் முதலாவதைத் 'திணிவு' என்பார்கள், இரண்டாவதை 'நிறை' என்பார்கள். அதாவது நம் 'நிறை'யும் அவர்கள் 'நிறை'யும் ஒன்றல்ல. இணையத்தில் வினாத்தாள் எடுத்துப் பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் எந்த நாட்டுத் தாள் என்று பாருங்கள்.

42 கிலோ நிறை உள்ள பிள்ளையின் எடை 42 × 9.8, சுமார் 412 நியூட்டன். நிலாவில் அதில் ஆறில் ஒரு பங்குதான். நிறை அங்கேயும் 42 கிலோ. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் வெறும் தேர்வுக் கேள்வி இல்லை: உந்துவிசை எடையை மிஞ்சினால்தான் ராக்கெட் மேலே கிளம்பும், இரண்டும் நியூட்டனில்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு தட்டுத் தராசு நிறையோடு நிறையை ஒப்பிடுகிறது, அதனால் நிலாவுக்குக் கொண்டுபோனாலும் அதே பதில். சுருள்வில் தராசும் லோட்செல் (அழுத்தும் விசையை மின் அளவாக மாற்றும் உறுப்பு) வைத்த எலக்ட்ரானிக் தராசும் அளப்பது விசையை, கிலோ என்று எழுதிக் காட்டினாலும். புவியீர்ப்பு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். லண்டனில் 9.81, திருநெல்வேலியில் 9.78. அங்கே சரிபார்த்த தராசை இங்கே கொண்டுவந்து அப்படியே வைத்தால், ஒரு கிலோ படிக்கல் ஏறக்குறைய 997 கிராம் என்று காட்டும். அதனால்தான் தராசை விற்கிற ஊரில் வைத்து, முத்திரைக் கல்லை ஏற்றிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

பேச்சில் "என் எடை 42 கிலோ" என்றால் தப்பு என்று பிள்ளையைத் திட்ட வேண்டாம். ஆங்கிலத்திலும் 'ஐ வெய் 42 கேஜி' என்றுதான் சொல்கிறார்கள். இயற்பியல் தாளில் மட்டும் பிரித்து எழுதினால் போதும்.

குறுக்குத்துறை

கடைசியாக ஒன்று. ஒரு பையன் "டோன்ட் வெய் மீ பை மை டிரஸ்" என்று எழுதியிருக்கிறான். 'உடையைப் பார்த்து என்னை எடை போடாதே' என்பதன் மொழிபெயர்ப்பு. மார்க் போடலாமா? இன்னொருத்தி 'வெயிட்டேஜ்' என்று எழுதியிருக்கிறாள்.

பொதிகைக்காற்று

ஆளை எடை போடுவது தமிழுக்கே உரிய தொடர். ஆங்கிலத்தில் ஆளை 'வெய்' பண்ணினால் தராசில்தான் ஏற்ற வேண்டும். 'டோன்ட் ஜட்ஜ் மீ' என்று திருத்துங்கள். பொருளைத் தமிழில் சரியாக யோசித்திருக்கிறான், பாதி மார்க் கொடுக்கலாம்.

'வெயிட்டேஜ்' பெரும்பாலும் இந்திய ஆங்கிலம். இங்கே அரசாணையிலேயே வருகிற சொல், நம் தாளில் தப்பென்று அடிக்க வேண்டாம். வெளிநாட்டுத் தேர்வுக்கு எழுதுகிறவளாக இருந்தால் 'வெயிட்டிங்' என்று மாற்றச் சொல்லுங்கள், ஜி, எச் போட்டு. இல்லையென்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகிவிடும்.